புதிய ரிவால்வரில் தொழிற்சாலைக் குறைகள்: அரம் தொடுமுன் அளவெடுங்கள்

வாசகர் கேள்வி: முறையான உரிமத்துடன் ஆறு அறைகள் கொண்ட .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். சுடுதளத்தில் இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டாக்களைத்தான் சுடுகிறேன். பின்னிருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால், சில நேரம் அறைகள் உள்ள சிலிண்டர் முழுமையாகச் சுழன்று பூட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் நின்ற நண்பரின் கன்னத்தில் ஒருமுறை ஈயத் துணுக்கு தெறித்தது. ஹேமரைக் கையால் இழுக்காமல் விசையை (டிரிக்கரை) மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷனில் சில தோட்டாக்கள் வெடிப்பதில்லை. குழல் முனையில் குறிபார்க்க உள்ள முன்சைட் வலப்பக்கம் சாய்ந்தாற்போல் இருக்கிறது. பின்சைட்டை வலது ஓரம் வரை நகர்த்தியும் குண்டுகள் இலக்கின் இடப்பக்கமே விழுகின்றன. சுட்ட உறைகளை வெளியே தள்ளுவதும் சிரமமாக உள்ளது. விற்றவரிடம் சொன்னேன், ஐந்நூறு தோட்டா சுட்டால் எல்லாம் பழகிவிடும் என்கிறார். பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், உள்ளே இருக்கும் பாகத்தை அரத்தால் சற்றுத் தேய்த்தால் சரியாகிவிடும், நானே செய்து தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: இந்த ரிவால்வரால் சுடுவதை உடனே நிறுத்திவிடுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை காணலாம். இதற்கு மட்டும் தாமதம் கூடாது. உங்கள் நண்பரின் கன்னத்தில் பட்ட ஈயத் துணுக்கு இரண்டு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு வரையறுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு அது 35,000 பவுண்டு. சிறிய தோட்டாவுக்கே ஈயத்தைச் சீவித் தெறிக்கவிடும் துப்பாக்கியில், இரு மடங்கு அழுத்தமுள்ள பெரிய தோட்டாவைப் போட்டுப் பார்க்க யாரும் துணியக் கூடாது.

விற்றவர் சொன்னதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. ஒன்றோடொன்று உரசும் பரப்புகள் புதிதில் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அவை வழவழப்பாகி, விசை இழுப்பு இலகுவாகும். ஆனால் தேய்மானத்தால் கிடைப்பது அந்த வழவழப்பு மட்டும்தான். சிலிண்டரைச் சுழற்றும் பற்களில் ஒன்று தவறாக வெட்டப்பட்டிருந்தால் தேய்மானம் அதைத் திருத்தாது. சாய்வாக முறுக்கப்பட்ட குழலை நிமிர்த்தாது. அதுமட்டுமன்று, சிலிண்டர் பூட்டிக்கொள்ளத் தாமதிக்கும் குறை தேயத் தேய வளரக்கூடியது. ஏனென்றால் சிலிண்டரைத் தள்ளும் பாகமும் அதைத் தாங்கும் பற்களும் தேயும் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் இன்னும் சற்றுப் பின்தங்கும். ஆகவே ஐந்நூறு தோட்டா என்ற ஆலோசனையை ஏற்க வேண்டாம். அதற்குள் வாரண்டிக் காலம் கழிந்துபோகும் அபாயமும் உண்டு.

அடுத்து, குறை எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டறிந்து எழுதி வைக்க வேண்டும். இதற்குத் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டியதில்லை. தோட்டாக்கள் அனைத்தையும் வீட்டின் வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். சிலிண்டரை வெளியே திறந்து, ஆறு அறைகளையும் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் விரல் நுனியாலும் தொட்டு, வெறுமையாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். இடையில் எழுந்து போய்த் திரும்பி வந்தாலும் இதை மீண்டும் செய்யுங்கள். குழலின் முனை எப்போதும் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். குழல் வழியாக உள்ளே பார்த்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பிறகு சிலிண்டரின் வெளிப்புறத்தில், ஒவ்வோர் அறைக்கும் நேராக, அழியக்கூடிய மையால் 1 முதல் 6 வரை எண் இடுங்கள். இந்த எண்கள் இல்லாமல் செய்யும் சோதனை பாதிப் பயன்தான் தரும். "சில நேரம் பூட்டிக்கொள்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சில நேரமா, சில அறைகளா என்பதே இங்கே முக்கியமான கேள்வி.

ஆறு அறைகளிலும் வெடிமருந்தில்லாத டம்மி தோட்டாக்களை இடுங்கள். டம்மி இல்லையென்றால் ஏற்கெனவே சுட்ட வெற்று உறைகளை இடலாம். இதற்குக் காரணம் உண்டு. உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் பின்புறத்தில்தான் சிலிண்டரைச் சுழற்றும் பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பல வடிவமைப்புகளில், அறைகள் வெறுமையாக இருக்கும்போது அந்த நட்சத்திரம் தன் இருப்பிடத்தில் மயிரிழை ஆடும். உறைகள் இருந்தால்தான் அசையாமல் நிற்கும். வெற்றுச் சிலிண்டரோடு சோதித்துவிட்டு, நல்ல துப்பாக்கியைக் குறையுள்ளதென்று தொழிற்சாலைக்கு அனுப்பியவர்கள் பலர்.

இப்போது ஹேமரைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். மற்றொரு கையின் விரலைச் சிலிண்டர் மீது இலேசாக உரசினாற்போல் வைத்திருங்கள். சிலிண்டர் தன் வேகத்தால் தானாகச் சுழன்று போய்ப் பூட்டிக்கொள்வதை அந்த உரசல் தடுக்கும். ஹேமர் முழுமையாகப் பின்சென்று நிற்கும் முன்பே, கீழிருந்து எழுந்து சிலிண்டரைப் பூட்டும் 'சிலிண்டர் ஸ்டாப்' தன் காடிக்குள் விழும் சிறு ஓசை கேட்க வேண்டும். ஹேமர் நின்ற பின்பும் சிலிண்டரைக் கையால் சற்றுத் தள்ளினால்தான் அந்த ஓசை வருகிறதென்றால், அந்த அறை பின்தங்குகிறது என்று பொருள். ஆறு அறைகளையும் இப்படிச் சோதித்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டபுள் ஆக்‌ஷனில் விசையை வேகமாக இழுத்துப் பார்த்தால் இந்தக் குறை மறைந்துவிடும். சுழலும் சிலிண்டரின் எடையே அதை மீதித் தூரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வேகமாக இழுக்கும்போது சரியாக இருக்கிறதே என்று விற்பவர்கள் காட்டுவது இதனால்தான். அதை வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள்.

எந்த அறைகள் பின்தங்குகின்றன என்பதிலிருந்து காரணத்தைப் பெருமளவு ஊகித்துவிடலாம். ஆறும் பின்தங்கினால், சிலிண்டரைத் தள்ளும் 'ஹேண்ட்' எனப்படும் தள்ளுகோல் தேவையான அளவுக்குக் குறைவாக இருக்கிறது. இரண்டோ மூன்றோ மட்டும் பின்தங்கினால் தள்ளுகோல் சரியாகவே இருக்கலாம். அந்த அறைகளுக்குரிய பற்கள் மட்டும் கூடுதலாக வெட்டப்பட்டுவிட்டன. முதல் குறைக்குச் சற்றுப் பெரிய தள்ளுகோலைப் பொருத்த வேண்டும். இரண்டாவதற்குப் புதிய நட்சத்திரத்தைப் பொருத்தி, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து இசைவிக்க வேண்டும். அல்லது பெரிய தள்ளுகோலைப் பொருத்தி, அதற்கு இறுக்கமாகும் பற்களை மட்டும் திருத்த வேண்டும். எதுவாயினும், அந்த வடிவமைப்பை அறிந்த ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநர், செய்ய வேண்டிய வேலை அது.

பட்டறை நண்பரின் யோசனை எங்கே தவறுகிறது என்பது இப்போது விளங்கும். உங்கள் துப்பாக்கியில் உள்ள குறை, ஓர் இடத்தில் உலோகம் போதாமல் இருப்பது. அரம் உலோகத்தை எடுக்கும், சேர்க்காது. பின்தங்கும் சிலிண்டருக்காகத் தள்ளுகோலின் நுனியைத் தேய்த்தால் அது இன்னும் குட்டையாகி, இப்போது ஓரிரு அறைகளில் இருக்கும் தாமதம் ஆறு அறைகளுக்கும் பரவும். நண்பர் மற்ற வேலைகளில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இதில் அவர் கை வைக்க அனுமதிக்காதீர்கள். ஹேமரும் விசையும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் சிறு விளிம்புகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பல துப்பாக்கிகளில் அந்த விளிம்புகளின் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் விசை மென்மையாவது போலத் தோன்றும். ஆனால் கடினத் தோல் போய்விட்டால் அடியிலுள்ள மென்மையான உலோகம் விரைவில் மழுங்கி, பின்னிழுத்து நிறுத்திய ஹேமர் யாரும் விசையைத் தொடாமலே விழும் நிலை வரும்.

அதையும் இப்போதே சோதித்துவிடுங்கள். டம்மி தோட்டாக்கள் உள்ளே இருக்க, ஹேமரைப் பின்னிழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை மிதமான அழுத்தத்தோடு முன்னோக்கித் தள்ளுங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாக் குறைகளையும் விட அதுவே பெரிய குறை. தொழிற்சாலைக்கு எழுதும்போது அதையே முதல் வரியாக எழுதுங்கள்.

சிலிண்டர் பூட்டிய நிலையில் இடமும் வலமுமாக இலேசாக அசைத்துப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகை அமைப்பில் மிகச் சிறிய பக்க ஆட்டம் இயல்பானது. பழைய கோல்ட் வகையில், விசையை அழுத்திப் பிடித்த நிலையில் அந்த ஆட்டமே இருக்கக் கூடாது. எனவே இன்னொருவரின் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஒரே வகையோடு மட்டும் ஒப்பிடுங்கள். சிறிய ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் குழலின் பின்வாய் புனல்போல் விரித்து வெட்டப்பட்டிருக்கிறது. 'ஃபோர்சிங் கோன்' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அறையிலிருந்து பாயும் குண்டு சற்றே விலகி வந்தாலும் இந்தப் புனல் அதை நடுவுக்குக் கொண்டுவரும். விலகல் புனலின் எல்லையைத் தாண்டும்போதுதான் குண்டின் ஓரம் சீவப்பட்டு, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியே பக்கவாட்டில் தெறிக்கிறது. துடைக்கும் முன் குழலின் பின்வாயைச் சுற்றிப் பாருங்கள். கரியும் ஈயமும் சுற்றிலும் சமமாகப் படிந்திருந்தால் கவலை குறைவு. ஒரே பக்கத்தில் மட்டும் வெள்ளி நிறப் பூச்சுப்போல் ஈயம் தடித்துப் படிந்திருந்தால், குண்டு எந்தப் பக்கம் இடிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. துடைப்பதற்கு முன்பே ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

அந்த இடைவெளியை அளக்க, வாகனப் பட்டறைகளில் புழங்கும் ஃபீலர் கேஜ், அதாவது தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கொத்து, போதும். குழலின் பின்முகத்துக்கும் சிலிண்டரின் முன்முகத்துக்கும் நடுவே தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, எது தடையின்றி நுழைகிறது, எது நுழைய மறுக்கிறது என்று பாருங்கள். அழுத்திச் செருகாதீர்கள்; அழுத்தினால் சிலிண்டர் பின்னுக்கு நகர்ந்து பொய்யான அளவைக் காட்டும். 0.004 முதல் 0.006 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருந்தால் மிக நன்று. 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. வரை ஏற்றுக்கொள்ளும் தயாரிப்பாளர்கள் உண்டு. அதற்கு மேல் போனால் திரும்ப அனுப்பத் தயங்க வேண்டாம். மிகக் குறைவாக இருப்பதும் நல்லதன்று. 0.002 அங்குலத்துக்கும் கீழே இருந்தால், சில சுற்றுகள் சுட்டதும் வெப்பத்தாலும் கரியாலும் சிலிண்டர் உரசி இறுகிவிடும்.

ஒரே ஓர் அளவோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே அளந்தால், சிலிண்டரின் முகம் நேராக வெட்டப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் அளந்தால், குழலின் பின்முகம் சரிவாக இருக்கிறதா என்பது தெரியும். பிறகு சிலிண்டரை விரலால் முன்னோக்கித் தள்ளிப் பிடித்து ஒருமுறையும், பின்னோக்கித் தள்ளிப் பிடித்து ஒருமுறையும் அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே சிலிண்டரின் முன்பின் ஆட்டம். புதிய துப்பாக்கியில் இது 0.001 முதல் 0.003 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். கூடுதலாக இருந்தால், சிலிண்டரைத் தாங்கும் கிரேனின் குழாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய எஃகு வளையம் ஒன்றையோ இரண்டையோ இட்டுச் சரிசெய்வார்கள். இது ஆர்மரருக்கு எளிய வேலை.

உங்கள் மூன்றாவது புகாரான வெடிக்காத தோட்டாக்களுக்கும் இந்த முன்பின் ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்கலாம். ஹேமரின் அடியைக் கடத்தும் ஊசியான ஃபயரிங் பின், தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைப்பு மூடியான பிரைமரைக் குத்தும்போது சிலிண்டர் முன்னே நகர இடமிருந்தால், குத்தின் வலுவில் ஒரு பகுதி சிலிண்டரையும் தோட்டாவையும் தள்ளுவதிலேயே வீணாகிவிடும். ஹேமரைக் கையால் பின்னிழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷனில் வெடிப்பது டபுள் ஆக்‌ஷனில் வெடிக்காமல் போவதற்கும் காரணம் உண்டு: டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் அவ்வளவு தூரம் பின்னே செல்லாமலே விடுபட்டு விழுவதால் அடி சற்று மெலிந்தே இருக்கும். ஆகவே உங்கள் துப்பாக்கியில் அடியின் வலு எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று கொள்ளலாம். கைப்பிடியின் முன்புறத்தில் கீழே, ஹேமரை இயக்கும் பட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு ஒன்று சில வடிவமைப்புகளில் இருக்கும். அது தளர்ந்திருந்தால் இதே குறை வரும், முழுமையாக முடுக்கினால் சரியாகிவிடும். அப்படி ஒரு திருகு உங்கள் மாதிரியில் உண்டா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு, அதன் தலைக்குப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் தொடுங்கள். வெடிக்காத தோட்டாக்களில் பிரைமரின் குழி ஆழமற்றிருக்கிறதா, நடுவை விட்டு விலகியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விலகிய குழியும் மேலே சொன்ன பின்தங்கலும் ஒரே அறையில் சேர்ந்து தென்பட்டால் காரணம் ஒன்றே. நீங்கள் சுட்டவை கையால் மீள்நிரப்பிய தோட்டாக்களாக இருந்தால், பிரைமர் முழு ஆழத்துக்கு அழுத்தப்படாமல் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் தொழிற்சாலைத் தோட்டாக்களில் வந்த முடிவையே கணக்கில் எடுங்கள்.

முன்சைட் சாய்ந்திருப்பதும் குண்டு இடப்பக்கம் விழுவதும் இரு வேறு குறைகள் அல்ல. முன்சைட் எந்தப் பக்கம் விலகுகிறதோ, குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் விழும். குழலானது மரையிட்டு, துப்பாக்கியின் உடற்சட்டமான ஃப்ரேமில் முடுக்கப்படுகிறது. முழு இறுக்கத்தை எட்டும் அதே புள்ளியில் முன்சைட்டும் செங்குத்தாக நிற்குமாறு குழலின் தோள்பட்டை வெட்டப்பட வேண்டும். அந்த வெட்டு மயிரிழை தவறினால், முடுக்குபவர் முன்னே இரண்டு வழிகள்தான்: சைட் செங்குத்தாவதற்குள் நிறுத்திவிடுவது, அல்லது அதை வற்புறுத்தி மேலும் முடுக்குவது. முதல் வழியில் சைட் சாய்ந்து நிற்கும். இரண்டாவது வழியில் சைட் நேராக நிற்கும். ஆனால் அளவுக்கு மீறிய இறுக்கத்தால் ஃப்ரேமுக்குள் இருக்கும் பகுதியில் குழலின் உட்துளை சற்றுச் சுருங்கிவிடும். ஈயக்குண்டு சுடுபவர்களுக்கு இந்த இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாத தொல்லை. பின்வாயைக் கடந்ததுமே குண்டு நசுங்கி, பிறகு அகன்ற துளையில் தளர்ந்து ஓடுவதால், ஈயம் படிவதும் குறி சிதறுவதும் தொடரும். ஆர்மரர் ஒரு மென்மையான ஈயத் துண்டைக் குழலுக்குள் கழியால் மெல்லத் தள்ளிப் பார்ப்பார். சுருங்கிய இடத்தில் கழி சட்டென்று இறுகுவதைக் கையே உணரும்.

இந்தக் குறைக்கு நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. குழலை மென்கட்டைகளுக்கு நடுவே வைஸில் பிடித்து, ஃப்ரேமின் சாளரத்துக்குள் சுத்தியல் கைப்பிடியை நுழைத்து நெம்பித் திருப்பும் பழைய வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃப்ரேம் வளைந்துவிட்டால் அதன்பின் நேராக்குவது அரிது. உரிமத்தில் பதியப்பட்ட வரிசை எண் தாங்கும் பாகமும் அதுதான். குழலை மறுபடி பொருத்தும் வேலைக்கு அந்தந்த ஃப்ரேமின் வடிவுக்கேற்ற உள்தாங்கிகள் வேண்டும். அவை தொழிற்சாலையிலும் நல்ல ஆர்மரரிடமும் மட்டுமே இருக்கும்.

உறைகள் வெளியேறத் தயங்குவதைப் பற்றி எழுதும்போது, எந்த உறைகள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. .357 மேக்னம் 1935-இல் அறிமுகமானபோது, அதன் உறையை .38 ஸ்பெஷலின் உறையை விட 0.135 அங்குலம், அதாவது சுமார் 3.4 மி.மீ. நீளமாக வைத்தார்கள், அழுத்தம் மிகுந்த தோட்டாவைப் பழைய, வலுக்குறைந்த ரிவால்வர்களில் யாரும் போட்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். அதன் பக்கவிளைவாக, .357 அறையில் .38 தோட்டாக்களையே தொடர்ந்து சுட்டால், குட்டை உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னே கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படியும். பிறகு நீண்ட .357 உறையைப் போட்டால் அது அந்த வளையத்தில் இறுகும். உங்களுக்கும் .357 உறைகள் மட்டுமே சிக்குகின்றன என்றால் இது துப்பாக்கியின் குறையே அன்று. அறைக்கான வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் கொண்டு ஒரு மாலை நேரம் தேய்த்தால் தீர்ந்துவிடும். .38 உறைகளே சிக்கினால் இந்த வளையம் காரணமாக முடியாது. எந்த எண்ணுள்ள அறைகளில் சிக்குகின்றன என்று பாருங்கள். அறைச்சுவர் கரடாக வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. சுட்ட பித்தளை உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அந்தச் சுவரின் கீறல்கள் உறையின் மேல் மெல்லிய வளையங்களாகப் பதிந்திருக்கும். ஆறு அறைகளிலும் மேக்னம் உறைகள் சிக்கி, பிரைமர்கள் தட்டையாகவும் இருந்தால், தோட்டாவின் அழுத்தமே மிகுதியாக இருக்கலாம்; அந்தத் தோட்டாக்களை இனிச் சுடாதீர்கள்.

அறைகளின் முன்வாய் அளவும் கவனிக்கத்தக்கது. குண்டு அறையை விட்டு வெளியேறும் அந்தக் குறுகிய பகுதி 0.357 முதல் 0.358 அங்குல விட்டத்தில், ஆறிலும் ஒரே அளவாக இருப்பது நல்லது. குழலின் உட்துளையை விட அது குறுகலாக இருந்தால், குண்டு முதலில் சுருக்கப்பட்டுப் பிறகு அகன்ற துளைக்குள் போகும். இதை ஆர்மரரின் அளவுகோல்களுக்கே விட்டுவிடலாம்.

உரிமையாளர் தாமே செய்யத்தக்கவை சில உண்டு; அவற்றால் சில குறைகள் மறைந்தும் போகும். நட்சத்திரத்தின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று சிக்கினாலே போதும், நட்சத்திரம் முழுமையாக அமராமல் சிலிண்டர் இறுகும், விசை இழுப்பு கனக்கும். பழைய பல்துலக்கியால் அந்த அடிப்புறத்தைத் துடையுங்கள். உறைகளைத் தள்ளும்போது குழல் முனையை மேல்நோக்கிப் பிடித்தால் துகள்கள் அங்கே விழாமல் வெளியே கொட்டும். உறைகளைத் தள்ளும் கம்பி திருகு தளர்ந்து நீண்டிருந்தாலும் சிலிண்டர் திறக்கவோ சுழலவோ தயங்கும். அதை முடுக்கும் முன் சுட்ட உறைகளை அறைகளில் இடுங்கள். இல்லாவிட்டால் நட்சத்திரத்தைப் பிடித்திருக்கும் சிறு ஊசிகளும் துளைகளும் சேதமடையும். பல மாதிரிகளில் இதன் மரை இடப்புறமாகச் சுழல்வது. திசையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த பின் மேலே சொன்ன சோதனைகளை மறுபடி செய்து, முன்னும் பின்னும் கண்ட முடிவுகளைத் தனித்தனியே எழுதுங்கள்.

விலை கொடுத்து வாங்கிய புதிய பொருளில் இத்தனை குறைகள் எப்படி வந்தன என்ற ஆற்றாமை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது நியாயமானது. ரிவால்வர் ஒரு பாகத்தின் பிழையை இன்னொரு பாகம் சுமக்கும் இயந்திரம். தள்ளுகோலும் பல்லும் காடியும் குழலும் தத்தம் வரம்புக்குள்ளேயே இருந்தாலும், எல்லாப் பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டால் மொத்தம் வரம்பு மீறும். ஒரு காலத்தில் இந்த இசைவை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தொழிலாளி கையால் ஏற்படுத்தினார். இன்று பாகங்கள் அன்றைவிடத் துல்லியமாகவே வருகின்றன. ஆனால் பொருத்திய பின் ஆறு அறைகளையும் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கும் அந்தக் கடைசி நிமிடம் அவசரத்தில் விடுபட்டுவிடுகிறது. அச்சில் வார்த்துச் சூளையில் கெட்டிப்படுத்திய பாகங்கள் என்பதாலேயே மட்டமானவை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் துப்பாக்கியில் குறை பாகத்தின் தன்மையில் இருப்பதாகத் தெரியவில்லை. பொருத்தியதிலும் சரிபார்த்ததிலும்தான் இருக்கிறது. துப்பாக்கியில் சோதனை முத்திரை இருக்கிறதே என்றும் விற்பவர் வாதிடக்கூடும். லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகள் போன்றவற்றில் வழக்கத்தை விடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை இடுகிறார்கள். அந்த முத்திரை துப்பாக்கி வெடித்துச் சிதறாது என்பதற்குச் சான்று. அறையும் குழலும் நேர்க்கோட்டில் இருக்கின்றன என்பதற்கு அன்று.

ஆகவே என் முடிவு: துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்புங்கள். அதுவரை எந்தப் பாகத்தையும் தேய்க்கவோ மாற்றவோ வேண்டாம்; வெளியார் கைபட்ட அடையாளம் இருந்தால் வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். மெயின் ஸ்பிரிங், கைப்பிடி என எதையாவது மாற்றியிருந்தால் பழையபடி பொருத்திவிடுங்கள். துப்பாக்கியை யார் கொண்டுசெல்லலாம், எந்த ஆவணங்களோடு அனுப்பலாம் என்பதை உங்கள் பகுதியின் சட்டமே தீர்மானிக்கும். உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிட்டு, அந்தப் பதிலின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக அனுப்புவது பெரும்பாலும் எளிது. ஒப்படைக்கும்போது வரிசை எண் குறித்த ரசீது வாங்காமல் வராதீர்கள்.

உடன் வைக்கும் கடிதத்தில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். "துப்பாக்கி சரியில்லை" என்று எழுதினால், பணிமேசையில் இருப்பவர் வேகமாக நான்கு முறை விசையை இழுத்துப் பார்த்து, குறை காணவில்லை என்று எழுதித் திருப்பிவிடுவார். "டம்மி தோட்டாக்களுடன், ஹேமரை மெதுவாக இழுக்கையில் இன்னின்ன எண் அறைகள் பூட்டுவதில்லை, இடைவெளி முன்தள்ளி இவ்வளவு, பின்தள்ளி இவ்வளவு, ஈயம் பின்வாயின் இந்தப் பக்கம் மட்டும் படிகிறது, முன்சைட் வலப்பக்கம் சாய்ந்துள்ளது" என்று எழுதினால் அவர் அதே சோதனையைச் செய்தே ஆக வேண்டும். ரேஞ்ச் ராட் எனப்படும் அளவுக்கம்பியைக் குழல் வழியே ஒவ்வோர் அறைக்குள்ளும் விட்டுச் சோதித்த முடிவையும் தெரிவிக்கும்படி கேளுங்கள். அறைகளும் குழலும் நேராக இருக்கின்றனவா என்பதை ஐயமறக் காட்டும் கருவி அதுதான். சுட்ட வெற்று உறைகளைச் சிறு பைகளில் இட்டு, அறை எண் எழுதி உடன் வையுங்கள். வெடிக்காத தோட்டாக்களை அனுப்பக் கூடாது. உயிருள்ள தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்த்து அனுப்புவது ஆபத்து. அவற்றின் பிரைமர் குழிகளைப் புகைப்படமாக எடுத்து இணைத்தால் போதும்.

திரும்பி வந்ததும் நேரே சுடுதளத்துக்குப் போய்விடாதீர்கள். அதே மை எண்களை இட்டு, அதே வரிசையில் அளவெடுத்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் .38 ஸ்பெஷலில் தொடங்குங்கள். கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து, பக்கத்தில் எவரும் நிற்காத நிலையில், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவை இட்டு ஆறு அறைகளையும் சுடுங்கள். சிலிண்டரின் இரு பக்கத்திலும் சற்றுத் தள்ளி வெள்ளை அட்டைகளை நிறுத்தி வைத்தால், ஈயம் இன்னும் தெறிக்கிறதா என்பதை அவையே காட்டிவிடும்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைய நிலையில் குறையைச் சொல்லாமல் விற்பது, அடுத்தவர் பக்கத்தில் நிற்கும் ஒருவரின் கண்ணைப் பணயம் வைப்பதாகும். குறையைச் சொல்லி விற்றால் வாங்கிய விலையில் பெரும்பகுதியை இழப்பீர்கள். இரண்டும் தேவையில்லை. தள்ளுகோல், நட்சத்திரம், முன்பின் ஆட்டம், குழலின் இறுக்கம் எல்லாமே திருத்தக்கூடிய குறைகள். ஒழுங்காகத் திருத்தப்பட்ட ரிவால்வர் பல்லாண்டுகள் பிழையின்றி உழைக்கும். திருத்த முடியாத குறை ஒன்று உண்டு: ஃப்ரேமில் குழலுக்கான மரை கோணலாக வெட்டப்பட்டிருப்பது. ஒருமுறை பழுதுபார்த்து வந்த பிறகும் ரேஞ்ச் ராட் எல்லா அறைகளிலும் ஒரே பக்கம் இடிக்கிறதென்றால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அப்போது மறுபடியும் பழுதுபார்க்கக் கேட்காதீர்கள். இரண்டு அளவுத் தாள்களையும் இணைத்து, வேறு துப்பாக்கி தரும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ எழுத்தில் கேளுங்கள். மாற்றுத் துப்பாக்கியின் வரிசை எண் வேறாக இருக்கும் என்பதால், அதைக் கைக்கு வாங்கும் முன்பே உரிமத்தில் பதிவதற்கான ஏற்பாட்டையும் செய்துகொள்ளுங்கள்.